தேடியது யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவி)

கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதற்கென்றே ஓர் அலுவலகம் 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. உலகிலேயே அதுதான் முதலாவது. ஒருவர் ரேகையைப் போல இன்னொருவர் ரேகை இராது என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது அந்த அலுவலகம். என் அப்பா கையெழுத்துப் போடக் கற்றவர் அல்லர். பத்திரம் என்றாலும் வங்கி என்றாலும் கட்டை விரலைத்தான் மையில் ஒற்றுவார். முப்பது ஆண்டுகள் தறியில் நூல் இழுத்துத் தேய்ந்த விரல் அது. ரேஷன் கடைப் பொறிக்கு அந்த விரலைக் கண்டால் ஆகாது. மூன்று தடவை துடைத்து வைத்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்றுக்கொண்டுவிட்டால் ஐயமில்லை. அது அப்பாவின் விரல்தான். அண்டை வீட்டாரின் விரல் அல்ல.

இந்தக் காலத்தில் இன்னொரு தடமும் வழக்கு மன்றம் ஏறுகிறது. கணிப்பொறியிலோ செல்போனிலோ நாம் எதைத் தேடினோம், எந்தப் பக்கத்தைத் திறந்தோம், எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பதையெல்லாம் உலவி தன் பாட்டுக்கு எழுதி வைத்துக்கொள்கிறது. பிரௌசிங் சென்டரில் நாங்கள் அதை 'ஹிஸ்டரி' என்போம். கொலை வழக்குகளில்கூட அது சான்றாக நிற்கிறது. கைரேகை ஒரு கையைச் சுட்டுகிறது. இந்த ஹிஸ்டரி யாரைச் சுட்டுகிறது? சில மாதங்களாக என்னை விடாத கேள்வி இது. வேதியியல் மாணவிக்கு இது எதற்கு என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். வேதியியல் மாணவி என்பதனால்தான் ஐயா இந்தக் கவலையே வந்தது!

எங்கள் வீட்டில் உள்ளது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அதன் சிம் கார்டு அப்பாவின் பெயரில் இருக்கிறது. பகலில் அம்மா அதில் பாட்டுக் கேட்பார். மாலையில் பதினோராம் வகுப்புத் தம்பி பிடுங்கிக்கொள்வான். இரவு பத்து மணிக்கு மேல் அது என் கைக்கு வரும். கரிம வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு முன் நான் அதில் தேடியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். குளோரோபார்ம் தயாரிப்பது எப்படி. பிளீச்சிங் பவுடரையும் அசிட்டோனையும் கொண்டு தயாரிக்கலாமா. குளோரோபார்மை ஏன் பழுப்பு நிறப் புட்டியில் வைக்கிறார்கள். பாஸ்ஜீன் மனிதனை என்ன செய்யும். முதன்மை அமீனைக் கண்டறியும் கார்பைலமீன் சோதனைக்குக் குளோரோபார்ம் வேண்டும் என்பதும், ஒளியும் காற்றும் பட்டால் அது மெல்ல மெல்லப் பாஸ்ஜீனாக மாறும் என்பதும், முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற நச்சுக் காற்று அந்தப் பாஸ்ஜீன்தான் என்பதும் நம் துறையில் எல்லாருக்கும் தெரியும். வேதியியல் தெரியாத ஒருவர் அந்தப் போனைத் திறந்து, சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்த்தால், என் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்? "இரவு பதினொன்றரை மணிக்குப் பாஸ்ஜீன் பற்றி விசாரித்திருக்கிறாயே" என்று கேட்டால் அவர் எதைச் சொல்லுவார்? அவருக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தெல்லாம் தறியின் மேல் உள்ள கம்பெனிப் பெயர் ஒன்றுதான்.

இந்தக் கவலையில்தான் ஹிஸ்டரி எப்படி எழுதப்படுகிறது என்று படிக்கத் தொடங்கினேன். குரோம் உலவி 'ஹிஸ்டரி' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு வைத்திருக்கிறது. அதில் கணக்குப் பிள்ளையின் பேரேடு போலப் பல அட்டவணைகள். ஒன்றில் பக்கத்தின் முகவரி, தலைப்பு, எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண். இன்னொன்றில் ஒவ்வொரு வருகையும் நிகழ்ந்த நேரம். பயனர் அந்த முகவரியைத் தாமே தட்டச்சு செய்தாரா, வேறொரு பக்கத்தில் இருந்த இணைப்பை அழுத்தி வந்தாரா என்பதற்கும் குறிப்பு உண்டு. ஏறத்தாழத் தொண்ணூறு நாட்கள் ஆனபின் பழைய வரிகளை அதுவே கழித்துவிடும். நாம் அழித்தாலும் வரி உடனே மறைந்துவிடுவதில்லை. இடம் காலி என்று குறிக்கப்படுமே ஒழிய, வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில் பழைய எழுத்து அடியில் கிடக்கும். சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் பழைய எழுத்து மங்கலாகத் தெரியுமே, அதுபோல.

நேரக் கணக்குத்தான் வேடிக்கை. குரோம் 1601-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மைக்ரோ விநாடிகளை எண்ணுகிறது. பயர்பாக்ஸ் உலவியும் மைக்ரோ விநாடிகளைத்தான் எண்ணுகிறது. ஆனால் அதற்குத் தொடக்கம் 1970. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி 2001-லிருந்து விநாடிகளை எண்ணுகிறது. மூன்றும் நம் ஊர் நேரத்தில் எழுதுவதில்லை. உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் கடிகாரத்துக்குக் கொண்டுவர ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தவருக்கு, நான் இரவு பதினொன்றரைக்குத் தேடியது மாலை ஆறு மணி என்று தோன்றும். ஆறு மணிக்குப் போன் தம்பியிடம் அல்லவா இருக்கும்?

இந்தத் தடம் பயனற்றது என்று சொல்ல நான் வரவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், மனைவியைக் கொன்றதாக ராபர்ட் பெட்ரிக் என்பவர் மேல் வழக்கு நடந்தது. உடல் பால்ஸ் என்ற ஏரியில் கிடைத்திருந்தது. அவருடைய கணிப்பொறிகளைத் துருவியபோது கழுத்து, முறித்தல் என்ற சொற்களைத் தேடிய பதிவும், அதே ஏரியின் நீர்மட்டத்தையும் படகுத் துறைகளையும் விசாரித்த பதிவும் கிடைத்தன. 2005 நவம்பரில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஏரியின் பெயர் வரை பொருந்தும்போது தற்செயல் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிற சான்றுகளோடு கைகோத்து நிற்கும்போது ஹிஸ்டரி வலிமையானதுதான்.

தனியே நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு வழக்கு இருக்கிறது. அதுவும் நம் குளோரோபார்ம் வழக்குத்தான்.

புளோரிடா மாநிலம், ஆர்லண்டோ நகரம். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில் ஓர் இரண்டு வயதுப் பெண் குழந்தை காணாமற்போயிற்று. ஒரு மாதம் கழித்தே போலீசுக்குச் செய்தி போனது. டிசம்பரில் குழந்தையின் எலும்புகள் வீட்டுக்கு அருகே கிடைத்தன. தாய் கேசி அந்தோணி மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள். 2011-இல் நடந்த விசாரணையை அந்த நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையைக் குளோரோபார்ம் கொடுத்து மயக்கினாள் என்பது அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. அதற்கு ஆதாரமாக, வீட்டுக் கணிப்பொறியின் அழிக்கப்பட்ட பகுதியிலிருந்து 2008 மார்ச் மாதத்து ஹிஸ்டரி மீட்கப்பட்டிருந்தது. அதை ஒரு மென்பொருளைக் கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, குளோரோபார்ம் பற்றிய ஒரு பக்கம் 84 முறை பார்க்கப்பட்டது என்று மன்றத்தில் சொன்னார்கள்.

எண்பத்து நான்கு! தேர்வுக்கு முதல் நாள் நான்கூட ஒரு பக்கத்தை அத்தனை தடவை பார்த்ததில்லை. ஒருமுறை பார்த்தால் ஆவல் எனலாம். எண்பத்து நான்கு முறை பார்த்தால் அது திட்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே கோப்பை முதலில் வேறொரு மென்பொருளால் படித்திருந்தார்கள். அது சொன்ன எண்ணிக்கை ஒன்றே ஒன்று. 84 என்று சொன்ன 'கேஷ்பேக்' என்ற மென்பொருளை உருவாக்கியவர் ஜான் பிராட்லி. அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தவரும் அவரே. பின்னர் அவரே தம் மென்பொருளைச் சோதித்துப் பிழையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பயர்பாக்ஸ் தன் ஹிஸ்டரியை மிகச் சிக்கலான ஒரு வடிவத்தில் எழுதி வந்தது. அதைப் பிரித்துப் படித்ததில், ஒரு வரிக்குரிய எண் இன்னொரு வரியின் மேல் போய் விழுந்துவிட்டது. 84 முறை பார்க்கப்பட்டது நண்பர்கள் அளவளாவும் மைஸ்பேஸ் தளம். குளோரோபார்ம் பக்கம் பார்க்கப்பட்டது ஒரு முறை. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோரோபார்மை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும் பக்கம்.

நம் ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்தலின்போது இரண்டு அளவுகள் ஒத்து வராவிட்டால் என்ன செய்கிறோம்? ப்யூரெட்டைக் கழுவி மீண்டும் தொடங்குகிறோம். 20.1, 20.2 என்று வந்தால்கூட முகம் சுளிக்கும் பேராசிரியர்களிடம் 1 என்றும் 84 என்றும் இரண்டு அளவுகளை எழுதிக் காட்ட நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? உயிர் பற்றிய வழக்கில் அந்த இரண்டு அளவுகளும் ஒரே கோப்பிலிருந்து வந்தன. மரண தண்டனை கேட்கப்பட்ட வழக்கு அது.

வழக்கு இதோடு நிற்கவில்லை. குழந்தையின் பாட்டி சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தத் தேடலைச் செய்தது தாமே என்றார். வீட்டு நாய்கள் செடிகளைத் தின்றனவாம். அதற்காகக் குளோரோபில், அதாவது பச்சையம் பற்றித் தேடப் போய், அங்கிருந்து குளோரோபார்முக்குப் போனாராம். அரசுத் தரப்பு அவருடைய அலுவலகப் பதிவுகளைக் கொண்டுவந்து, அந்த நேரத்தில் அவர் வேலையில் இருந்தார் என்று மறுத்தது. ஒரு கணிப்பொறியில் யார் அமர்ந்திருந்தார் என்பதை அந்தக் கணிப்பொறியைக் கொண்டு சொல்ல முடியவில்லை. இன்னொரு கணிப்பொறியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று என்பதுதான் இதில் நான் கண்டது. 2011 ஜூலை 5-ஆம் நாள் நடுவர்கள் கொலைக் குற்றத்திலிருந்து கேசி அந்தோணியை விடுவித்தார்கள். அதிகாரிகளிடம் பொய் சொன்ன குற்றம் மட்டும் நின்றது.

அதற்கடுத்த ஆண்டு, 2012 நவம்பரில், இன்னொரு செய்தி வெளியாயிற்று. குழந்தை கடைசியாக உயிரோடு காணப்பட்ட 2008 ஜூன் 16-ஆம் நாளில் அதே கணிப்பொறியில் மூச்சுத் திணறிச் சாகும் வழி பற்றி ஒரு தேடல் நடந்திருக்கிறது. புலனாய்வாளர்கள் அந்த நாளுக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலவியின் பதிவை மட்டும் எடுத்திருந்தார்கள். அதில் தெளிவில்லாத 17 வரிகள். தாய் வழக்கமாகப் பயன்படுத்திய பயர்பாக்ஸில் இருந்த ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட வரிகளை யாரும் பார்க்கவில்லை. இல்லாத 84 மன்றத்துக்குப் போயிற்று. இருந்த வரி போகவில்லை. அந்த வரியையும் தேடியது தாயா, வீட்டில் இருந்த வேறொருவரா என்று வழக்கறிஞர்கள் வெளியே வாதாடிக்கொண்டார்கள். குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது எந்த மன்றத்திலும் முடிவாகாமலே போயிற்று. படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய்யான எண் ஒருவரைத் தூக்குக்கு அனுப்பலாம் என்பது ஓர் அச்சம். கவனக்குறைவால் ஒரு குழந்தைக்கு நியாயம் கிடைக்காமல் போகலாம் என்பது அதைவிடச் சிறிய அச்சம் அல்ல.

என் கையையே எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி விட்டதும் மாலை நான்கு முதல் ஏழரை வரை பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மின் கட்டணம், தேர்வு விண்ணப்பம் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தட்டச்சு தெரியாது. அவர்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு பெரியவர் மேல்மூச்சு வாங்க ஓடி வந்தார். "அம்மிணி, வெள்ளாடு அரளித் தழையத் தின்னுபோட்டுது. காலைல வரைக்கும் தாங்குமா, எத்தன நேரத்துல உசுரு போகும்னு அதுல பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். அவர் சொன்ன சொல்லையே அடித்தேன்: அரளி விஷம், எத்தனை மணி நேரத்தில் உயிர் போகும். அரளி இதயத்தைத் தாக்கும் என்று வந்தது. "காலைல வரைக்கும் வெக்காதீங்க தாத்தா, இப்பவே மாட்டு டாக்டர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றேன். போய்விட்டார். ஒரு வாரம் கழித்து ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஆடு செத்துவிட்டதாம், குட்டி மட்டும் இருக்கிறதாம்.

அந்த வரி மூன்றாம் எண் கணிப்பொறியில் இருந்தது. அதில் ஆடு என்ற சொல்லே இல்லை! பெரியவரும் இல்லை. நேரம் இருக்கிறது, அரளி இருக்கிறது, உயிர் போவது இருக்கிறது. அந்த நேரத்தில் கடையில் வேலைக்கு இருந்தவள் நான். கை என்னுடையது, கேள்வி அவருடையது.

இதேபோன்ற ஒரு தேடல் அண்மையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெரும் வழக்காடலுக்கு உள்ளாயிற்று. 2022 ஜனவரி 29 அதிகாலையில் பாஸ்டன் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் கான்டன் என்ற ஊரில் ஒரு வீட்டின் முன் பனியில் விழுந்து கிடந்தார், பின்னர் இறந்தார். அவருடைய தோழி காரால் மோதிவிட்டாள் என்பது வழக்கு. குளிரில் ஒருவர் சாக எவ்வளவு நேரம் ஆகும் என்ற தேடல் சாட்சி ஒருவரின் ஐபோனில் இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த நேரம் அதிகாலை 2.27. உடல் கண்டெடுக்கப்பட்டதோ காலை ஆறு மணியளவில். அப்படியானால் உடல் கிடப்பது அந்தச் சாட்சிக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அரசுத் தரப்பு வல்லுநர்கள் வேறு விளக்கம் தந்தார்கள்: 2.27 என்பது சபாரி உலவியில் அந்தப் பக்கத்திரை முதலில் திறக்கப்பட்ட நேரம்; அதே திரையில் பிற்பாடு காலை 6.23-க்கு மேல்தான் அந்தச் சொற்கள் தேடப்பட்டன. அந்தச் சாட்சியோ, பனியில் கிடந்தவரைக் கண்டபின் குற்றம் சாட்டப்பட்ட பெண் கேட்டுக்கொண்டதால்தான் தேடினேன் என்றார். 2024-இல் நடுவர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. 2025 ஜூனில் நடந்த இரண்டாம் விசாரணையில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அந்தப் பெண்ணை விடுவித்து, மதுவருந்தி வண்டி ஓட்டியதை மட்டும் குற்றம் என்றார்கள். ஒரு நேர எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்கே வல்லுநர்கள் இரு பக்கமும் நின்று வாதாடியதைப் பார்க்கும்போது, நம் பெரியவரின் அரளி எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணிப்பொறியிலிருந்து எடுத்த நகலைச் சான்றாகக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும் என்றது அது. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதியாக உள்ளது. ஒரு பகுதியை நகலைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், மறு பகுதியை ஒரு வல்லுநர் நிரப்ப வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பு முழுவதையும் ஒரு கணித முறையில் அரைத்து எடுக்கும் எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். இது நல்ல ஏற்பாடு. கைப்பற்றிய பின் யாரும் கோப்பில் கைவைக்கவில்லை என்று அதனால் காட்டலாம். ஆனால் 84 வந்த கோப்பில் யாரும் கைவைக்கவில்லையே! கோப்பு சரியாகத்தான் இருந்தது. படித்த கண்ணாடியில்தான் கோளாறு. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதையோ ஹாஷ் மதிப்பு ஒருநாளும் சொல்லப் போவதில்லை.

பட்டம் முடித்ததும் தடய அறிவியலில் முதுகலை படிக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னேன். "அது போலீசு வேலையா சாமி?" என்று அப்பா கேட்டார். போலீஸ் கொண்டுவரும் பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை என்றேன். "அப்ப போலீசு சொன்னது தப்புன்னா?" என்றார். தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எழுதிக் குடுத்தா உடுவாங்களா?" என்றார். அதற்குப் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. நம் வேதியியல் துறையில் அதை அறிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டுகிறேன்.

பிரௌசிங் சென்டர்களுக்கென 2011-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. வருகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, எந்தக் கணிப்பொறி, எத்தனை மணிக்கு அமர்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பார்த்த தளங்களின் பதிவையும் ஓராண்டு காலம் காக்க வேண்டும். எங்கள் கடை நோட்டிலும் அந்தக் கட்டங்கள் எல்லாம் உள்ளன. தட்டச்சு தெரியாதவருக்காக வேறொருவர் அடித்தால் அதை எழுதக் கட்டம் இல்லை. போன மாதம் ஸ்கேலை வைத்து நானே ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன். மேலே 'யாருக்காக' என்று எழுதினேன். "இத எவன் வந்து வாசிக்கப் போறான் அம்மிணி?" என்று முதலாளி சிரித்தார், ஆனால் கிழிக்கச் சொல்லவில்லை. இப்போது ஏழு பக்கம் நிரம்பியிருக்கிறது. பெரும்பாலும் வருமானச் சான்றிதழும் மின் கட்டணமும்தான்.